கல்லூரி முடித்ததும் சேலத்திலேயே புகைப்படக் கலைஞராக நிற்க முடியுமா, சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?

கேட்டவர் இறுதியாண்டு மாணவர். கையில் ஒரு கேமரா இருக்கிறது. வீட்டில் படிப்புக்கேற்ற வேலைக்குப் போகச் சொல்கிறார்கள், நண்பர்கள் சென்னைக்குக் கிளம்பச் சொல்கிறார்கள். இங்கேயே இருந்தால் காலம் முழுக்கக் கல்யாணம் மட்டும் எடுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதானோ என்று கவலைப்படுகிறார். இறுதியாண்டுப் படிப்பையும் இதையும் எப்படிச் சமாளிப்பது என்றும் கேட்கிறார்.

நான் போன வருடம் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவள். கொண்டலாம்பட்டிப் பக்கம் தறிக்காரர் வீடு. இப்போது என் வருமானம் முழுக்கக் கேமராவிலிருந்துதான் வருகிறது. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: முதல் இரண்டு வருடமாவது இங்கேயே இருங்கள். சென்னைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் இந்த ஊரும் மலையும் சும்மா கற்றுக்கொடுக்கிற ஒரு பாடத்தைப் பெரிய ஊரில் பணம் கட்டினாலும் இவ்வளவு நன்றாகப் படிக்க முடியாது. அது வெள்ளையைப் படமெடுப்பது.

சேலம் என்றால் எல்லோரும் மாம்பழத்தைச் சொல்வார்கள். கேமராவோடு சுற்றிப் பாருங்கள், இது வெள்ளை ஊர். மாமாங்கம் தாண்டினால் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தின் மேடுகள். ஆத்தூர் போகும் வழியில் களத்தில் காயும் ஜவ்வரிசி. பட்டறைகளில் வெள்ளிக் கொலுசு. தறிகளில் வெண்பட்டு வேட்டி. மேலே ஏற்காட்டில் மழைக்காலத்து மூடுபனி, கோடையில் காபிப் பூ.

வெள்ளைதான் கேமராவுக்குக் கஷ்டமான நிறம். உள்ளே இருக்கும் ஒளிமானி, தன் முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. நடுமதியத்தில் வெள்ளைக்கல் மேட்டை, கேமராவை ஆட்டோ மோடில் வைத்து எடுங்கள், அழுக்குச் சாம்பலாக வரும். எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் ஏற்றினால் வெள்ளை வெள்ளையாகும் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு வெளிச்சம்). இன்னும் ஏற்றினால் கல்லின் சொரசொரப்பு மறைந்து வெறும் காகிதம் மாதிரி ஆகிவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடத்தைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கப் பழகிவிட்டால், ஏறக்குறைய எந்த வெளிச்சத்திலும் பயமில்லாமல் வேலை செய்யலாம். நான் அப்படித்தான் பழகினேன். அதற்கு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்து வெள்ளி. இதைப்பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சேலத்துப் பிள்ளைகள் பலர் கண்ணெதிரே இருக்கும் இந்த வேலையைப் பார்ப்பதே இல்லை. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் தெருத்தெருவாகக் கொலுசுப் பட்டறைகள். வெளிமாநில வியாபாரிகளுக்கு டிசைன் காட்ட இப்போது யாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை, வாட்ஸ்அப்பில் படம்தான் போகிறது. நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர், "பாப்பா, எங்க பையன் போன்ல எடுத்தா கொலுசு ஈயம் மாதிரி கருத்துப் போவுது. நீதான் கேமரா வெச்சிருக்கியாமே, வந்து பாரு" என்றார்.

வெள்ளிக்கென்று தனி நிறம் கிடையாது, எதிரில் இருப்பதைத்தான் காட்டும். பட்டறைக்குள் கரி படிந்த சுவர், இருட்டான கூரை, குனிந்து பார்க்கும் ஆள். கொலுசில் அதெல்லாம்தான் தெரிந்தது. அதனால் விளக்கைக் கொலுசுமேல் நேராக அடிப்பதில் பயனில்லை, கொலுசு எதைப் பார்க்கிறதோ அதைத்தான் வெளுப்பாக்க வேண்டும். மூங்கில் குச்சியில் ஒரு கூடு கட்டி, சுற்றிலும் மெல்லிய வேட்டித் துணியை இழுத்துக் கட்டினோம். விளக்கு துணிக்கு வெளியே இருந்தது. லென்ஸ் போக மட்டும் ஒரு ஓட்டை. கொலுசு முழுக்க ஒரே வெளுப்பாகிவிட்டால் வேலைப்பாடு தெரியாது, ஆகவே ஓரத்தில் கறுப்பு சார்ட் அட்டையை விரல் அகலத்துக்கு வெட்டி நிறுத்தினோம். அந்தக் கறுப்புக்கோடு சலங்கையின் விளிம்பில் விழுந்ததும் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக எழுந்து நின்றது. ட்ரைபாடு, கொலுசு முழுக்கத் தெளிவாக விழ லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 11, டைமர், அவ்வளவுதான். பட்டறைக்காரர் கேமராத் திரையைப் பார்த்துவிட்டு, கொலுசு பற்றவைத்துக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் தன் கையால் செய்த கொலுசை அவ்வளவு பெரிதாக அதுவரை பார்த்ததில்லையாம். அந்த முகத்தையும் படமெடுத்துக்கொண்டேன். இன்றும் யாராவது என் வேலையைக் காட்டச் சொன்னால் அதைத்தான் முதலில் காட்டுகிறேன்.

இந்த இடத்தில் இன்னொன்று. ஃபிலிம் காலத்தில் படமே வெள்ளியில்தான் விழுந்தது, ஃபிலிமிலும் அச்சுத்தாளிலும் பூசியிருந்தது வெள்ளி உப்பு. படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்தித் தீர்ந்த ஹைப்போ கரைசலில் அந்த வெள்ளி தங்கியிருக்கும். அதைப் பிரித்தெடுக்க ஆள் வந்து கேன் கேனாக வாங்கிப் போவார்கள் என்று நான் உதவியாளராக இருந்த ஸ்டுடியோ மாஸ்டர் சொல்வார். எனக்கு அது மிகவும் பிடித்த செய்தி.

புடவை இன்னொரு பெரிய வேலை. இளம்பிள்ளைப் புடவைகள் ஆன்லைனில் எங்கெங்கோ போகின்றன. அங்கே படம் அழகாக இருந்தால் போதாது, நிறம் சரியாக இருக்க வேண்டும். படத்தில் ஒரு நிறமும் கையில் ஒரு நிறமுமாக இருந்தால் புடவை திரும்பி வந்துவிடும், நஷ்டம் வியாபாரிக்கு. அறையில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரே வகை வெளிச்சத்தில் எடுங்கள். முதல் படத்தில் ஒரு கிரே கார்டு (சாம்பல் நிற அட்டை) வைத்து எடுத்து அதை வைத்தே ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, சரிசெய்யுங்கள். மயில்கழுத்து மாதிரி நிறங்களில் பாவு (நீளவாக்கு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். பார்க்கும் கோணம் மாறினால் புடவையே மாறும். அதற்கு இரண்டு கோணத்தில் இரண்டு படமாவது கொடுத்தால்தான் வாங்குகிறவருக்கு உண்மை தெரியும். இதைத் தறிவீட்டுப் பெண்ணாக இருந்ததால் நான் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன். உங்கள் வீட்டுத் தொழில் எதுவோ, அங்கிருந்து தொடங்குங்கள். அதன் நுணுக்கம் உங்களுக்குத் தெரிகிற அளவு வெளியிலிருந்து வருகிற யாருக்கும் தெரியாது.

சரி, கல்யாணம். அதைக் கீழாக நினைக்காதீர்கள், சோறு போடுவது அதுதான். ஆனால் முதலில் ஒரு நல்ல ஸ்டுடியோவில் உதவியாளராகப் போய்ச் சடங்குகளின் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள். சேலம் மாவட்டத்தில் அது ஒரே வரிசை கிடையாது. கொங்கு வெள்ளாளர் வீடுகளில் அருமைக்காரர் என்ற பெரியவர் நடத்தும் சீர்கள் உண்டு, அதில் இணைச்சீர் என்ற சடங்கில் மாப்பிள்ளையின் சகோதரிக்குத்தான் முக்கிய இடம். அந்த நேரத்தில் கேமராவை மணப்பெண் பக்கம் திருப்பி வைத்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஆல்பமே குறையாகிவிடும். தெலுங்கு பேசும் வீடுகளில் சீரகமும் வெல்லமும் தலையில் வைக்கிற நொடி தவறக்கூடாது. எந்த வீட்டுக்குப் போனாலும் முந்தின நாளே ஒரு பெரியம்மாவிடமோ அத்தையிடமோ உட்கார்ந்து "அடுத்து என்னங்க நடக்கும்?" என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஆசையாகச் சொல்வார்கள்.

கல்யாணத்திலும் அந்த வெள்ளைப் பாடம்தான். மாப்பிள்ளையின் வேட்டியும் அவருடைய மாநிறமும் ஒரே படத்தில் இருக்கும். கேமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கும் ரா ஃபைலில் எடுத்து, வேட்டியின் மடிப்புத் தெரியும் அளவுக்கு எக்ஸ்போஷரைப் பிடித்து, முகத்தை எடிட்டிங்கில் மெதுவாக ஏற்றலாம். ஆனால் தோல் நிறத்தை வெளுக்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பெண்கள் அழகான கறுப்பு, அழகான மாநிறம். ஆல்பத்தில் வேறு யாரோ ஒருத்தி போல அவளை மாற்றிக் கொடுத்தால், பத்து வருடம் கழித்து அவள் மகள் அதைத் திருப்பிப் பார்த்து என்ன நினைப்பாள்? "கொஞ்சம் கலர் ஏத்துங்க" என்று கேட்கிறவர்களிடம், ஏற்றாத படம் ஒன்றை நல்ல வெளிச்சத்தில் எடுத்து அங்கேயே காட்டுகிறேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்ளாத வேலை ஒன்றிரண்டு கைவிட்டுப் போயிருக்கிறது, போகட்டும்.

ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் இருக்காது. அந்த மாதங்களுக்கு வேண்டிய பணத்தைத் தை முதலே எடுத்து வைத்துவிடுங்கள். ஆனால் சேலத்தில் ஆடி சும்மா இருக்கிற மாதமா? கோட்டை மாரியம்மனில் தொடங்கி ஊர் முழுக்கத் திருவிழா. குகையில் நடக்கும் வண்டி வேடிக்கையைக் கட்டாயம் எடுங்கள். சாமி வேடம் போட்டவர்கள் ஜோடனை செய்த வண்டிகளில் வர, சுற்றிலும் சீரியல் விளக்கு எரியும். எல்இடி விளக்கு இருக்கும் இடத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் ஓடும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டை விழும். நான் சித்தப்பாவோடு போய் மாடியில் இடம்பிடிப்பேன். கூட்டம் பெரிது, பெண்பிள்ளைகள் துணையோடு போவது நல்லது.

ஏற்காடு பற்றி: கல்யாண ஜோடிகளை வைத்து லேடீஸ் சீட்டிலும் பகோடா பாயிண்டிலும் எல்லோரும் எடுக்கும் அதே படங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. வேலை வந்தால் எடுங்கள், தப்பில்லை. உங்களுக்காகப் போகும்போது காபிப் பூ பூக்கும் சமயத்தில் போங்கள். மார்ச், ஏப்ரலில் கோடைமழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் தோட்டம் முழுக்க வெளுத்துவிடும், வாசனை மல்லிகை போல இருக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும் என்பதால் எஸ்டேட்டில் தெரிந்தவர் ஒருவர் போன் செய்து சொன்னால்தான் சரியாகப் போய்ச் சேர முடியும். அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் இறங்காதீர்கள், காட்டுமாடு நிற்கும். ஏசி காரில் வந்தால் கேமராவை உடனே வெளியே எடுக்காமல் பையிலேயே கொஞ்ச நேரம் விடுங்கள். குளிர்ந்த லென்ஸில் ஈரக்காற்று பட்டால் ஆவி படிந்துவிடும்.

இறுதியாண்டை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தீர்கள். மாசி, பங்குனியில் வேலையும் மாடல் தேர்வும் ஒன்றாக வரும். 75 சதவீத வருகைக்குக் கணக்கு வைத்துக்கொண்டு வாரக்கடைசி முகூர்த்தங்களை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். டிகிரியை அரியர் இல்லாமல் முடித்துவிடுங்கள், வீட்டில் பேசும்போது அதுதான் உங்கள் பலம். எங்கள் அப்பா மனம் மாறியது எந்த விருதையும் பார்த்து இல்லை. மாதாமாதம் வரவு, செலவு, வாங்கிய அட்வான்ஸ் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அவரிடம் காட்டினேன். தறிக்கணக்குப் பார்த்துப் பழகியவருக்கு அந்த நோட்டு புரிந்தது.

கருவிக்காகப் பெரிய கடன் வேண்டாம். ஒரு கேமரா, 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், இரண்டு கார்டு, இரண்டு பேட்டரி போதும், மற்றதை வாடகைக்கு எடுக்கலாம். தேவைப்பட்டால் முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் வங்கியில் கேட்கலாம். இன்னொன்று, எழுதி வாங்கும் பழக்கம். 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர். அதனால் உங்கள் இணையப் பக்கத்தில் அந்தப் படங்களைப் போட்டுக்கொள்ள அனுமதி வேண்டுமென்றால் அட்வான்ஸ் வாங்கும்போதே இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மணப்பெண்ணின் சம்மதத்தைத் தனியாகக் கேளுங்கள்.

சென்னைக்கு எப்போது போகலாம்? விளம்பரம், ஃபேஷன், சினிமா ஸ்டில்ஸ் என்று குறிப்பாக ஒன்று வேண்டும் என்று உங்களுக்கே தெளிவான பிறகு. அதற்குள் சேலத்தில் கேமராவுக்கு என்ன இருக்கிறது என்று யாராவது சொன்னால், ஏற்காடு ரோட்டில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைக் காட்டுங்கள். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய சினிமா நிறுவனம் அது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956இல் வந்தது அங்கிருந்துதான்.

நான் வரும் புரட்டாசியில், முகூர்த்தம் இல்லாத நேரத்தில், நகை விளம்பரம் எடுக்கும் ஒருவரிடம் வேலை பழகச் சென்னை போகிறேன். கொலுசுப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் வரச் சொன்னார். ஐப்பசி முகூர்த்தங்களுக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன், அதற்குள் திரும்பிவிடுவேன். நீங்கள் சேலத்தில் எந்தப் பக்கம், உங்கள் வீட்டில் என்ன தொழில் என்று எழுதுங்கள். எங்கே தொடங்கலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.