உளுந்து வேரில் உருண்டைகள்: மருந்து போட வேண்டுமா?

கேள்வி: நெல் தரிசில் விதைத்த உளுந்துக்கு 30 நாள் ஆகிறது. இரண்டு செடிகளைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரில் கடுகும் மிளகுமாக உருண்டைகள். நூற்புழு தாக்கியிருக்கிறது, குருணை மருந்து போடுங்கள் என்கிறார் உரக்கடைக்காரர். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளோ, அது நன்மை செய்யும் பாக்டீரியா, மருந்து வேண்டாம் என்கிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு விவசாயி, திருவாரூர் மாவட்டம்

பதில்: ஐயா, மருந்து வாங்குவதைத் தள்ளிவையுங்கள். உங்கள் மகள் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

செடியைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் உருண்டைகள் மண்ணிலேயே உதிர்ந்துவிடும். மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்தெடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். உருண்டையை விரலால் தேய்த்தால் வேரை விட்டுக் கழன்று வருகிறதா? அது வேர் முடிச்சு. கழலாமல், வேரே புடைத்து வீங்கியிருந்தால் அது வேருக்குள் புகும் நுண்ணிய நூற்புழுவின் வேலை. கழன்ற முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் உங்கள் வயலில் உரம் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அந்தச் சிவப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காற்றில் 78 சதவீதம் தழைச்சத்துதான் (நைட்ரஜன்), ஆனால் எந்தச் செடியாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் இனப் பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக மாற்றித் தருகின்றன. அந்த வேலையைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியா உயிர்வாழவோ ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பது லெக்ஹீமோகுளோபின். நம் இரத்தத்துக்கு நிறம் தரும் ஹீமோகுளோபினுக்கு உறவான புரதம் இது. ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு, பாக்டீரியாவுக்குத் தேவையான அளவு மட்டும் கொடுக்கிறது. ஓர் உளுந்துச் செடியின் வேரில் இப்படியொரு ஏற்பாடு இருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. உள்ளே வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை முடிந்துவிட்டது.

இதற்கெல்லாம் செடி சும்மா இருப்பதில்லை. இலையில் தயாரித்த சர்க்கரையைப் பாக்டீரியாவுக்கு ஊட்டுகிறது. நீங்கள் யூரியாவை அள்ளிப் போட்டால், தழைச்சத்து மண்ணிலேயே கிடைப்பதால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே யூரியா வேண்டாம். தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள்; காற்றோட்டம் இல்லாவிட்டால் முடிச்சு செயலிழக்கும். பூக்கும் பருவத்தில் 2 சத டி.ஏ.பி. உரக் கரைசலும், 15 நாள் கழித்து மறுமுறையும் இலைவழியாகத் தெளித்தால் காய் பிடிப்பு நன்றாக இருக்கும்.

முடிச்சும் நூற்புழு வீக்கமும் ஒரே வேரில் சேர்ந்து இருப்பதும் உண்டு. வீக்கம் தெரிந்து, செடிகள் திட்டுத்திட்டாகக் குட்டையாக நின்றால், வேரை வேளாண் விரிவாக்க மையத்தில் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்த முறை விதைக்கும்போது ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தைக் கலந்து, விதையில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். பூஞ்சைக்கொல்லி நேர்த்தி செய்வதானால் அதை முந்தின நாளே முடித்துவிடுங்கள். இந்த முறை அறுவடையின்போது செடியை வேரோடு பிடுங்காமல் அறுத்தெடுங்கள். வேர் மண்ணிலேயே மட்கட்டும்.