கூட்டமில்லாத காடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆகஸ்டில் குடும்பத்தோடு கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகம் போயிருந்தோம். பல வருடச் சேமிப்பு. ஒரு சிவிங்கிப்புலி (சீட்டா) குட்டிகளோடு புதரடியில் படுத்திருந்தது. சுற்றிலும் இருபது ஜீப்புக்கு மேல். வயர்லெஸ்ஸில் தகவல் போய் மேலும் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. என் 13 வயது மகன், "பாவம்மா, போயிடலாம்" என்றான். ஆப்பிரிக்காவில் கூட்டமில்லாத காடுகள் எங்கே இருக்கின்றன? நீங்கள் எழுதினால் அங்கும் இதே கூட்டம் வந்துவிடாதா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

உங்கள் மகன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். மாராவின் சிவிங்கிப்புலிகளைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. பயணிகள் மிகுதியாக வரும் பகுதிகளில் ஒரு தாய் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிகளைத்தான் வளர்த்து ஆளாக்குகிறது. பயணிகள் குறைந்த பகுதிகளில் அது 2.3. நீங்கள் பார்த்த குட்டிகள் பிழைத்தனவா என்ற கவலை எனக்கும் வந்துவிட்டது.

அடுத்த முறை சாம்பியா போங்கள். கிழக்கே தெற்கு லுவாங்வா தேசியப் பூங்கா, 9,050 சதுர கிலோமீட்டர். மஃபுவே நுழைவாயிலை ஒட்டிய பாதைகளில் சிறுத்தையைக் கண்டால் அங்கும் வண்டிகள் சேரத்தான் செய்யும். அதைத் தாண்டி உள்ளே, புல்லாலும் கழியாலும் கட்டிய சிறு முகாம்கள் உண்டு. மழைக்கு முன் பலவற்றைப் பிரித்துவிட்டு அடுத்த ஆண்டு மறுபடி கட்டுகிறார்கள். அங்கே காட்டை நடந்து பார்க்கலாம்.

நடப்பதென்றால் துப்பாக்கியோடு வனக்காவலர் முன்னால் போவார், அடுத்து வழிகாட்டி, அவர் பின்னால் நாம் ஒருவர் பின் ஒருவராக. ஆறேழு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. வழிகாட்டி அடிக்கடி நின்று சாம்பலையோ மண்ணையோ உதிர்த்துக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்ப்பார், நம் வாசம் யானைக்குப் போய்விடக் கூடாது. புக்கு மான் விசிலடித்தால் பக்கத்தில் சிறுத்தையோ சிங்கமோ இருக்கக்கூடும். காட்டெருமை முதுகில் உண்ணி பொறுக்கும் பறவை சட்டென்று கத்திப் பறந்தால் எல்லோரும் அப்படியே நின்றுவிட வேண்டும். வண்டியிலிருந்து பார்ப்பதை விடக் குறைவான மிருகங்களையே பார்ப்பீர்கள். எனக்கு அந்தக் காலை நேரங்கள்தான் இன்னும் தெளிவாக நினைவிருக்கின்றன. ஒரு சாணத்தைக் குச்சியால் கிளறிக்கொண்டு அரை மணி நேரம் பேசுகிற வழிகாட்டி கிடைத்தால் அது பெரும் பாக்கியம்.

எழுதலாமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். எழுத வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆள் வராத காடு தானாகவே பத்திரமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். சாம்பியாவின் மேற்கில் லியுவா சமவெளி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே அங்குள்ள லோசி மக்களின் மன்னர் லெவானிகா காத்துவைத்த நிலம். பிற்காலத்தில் கேட்பாரற்றுப் போய், வேட்டையில் சிங்கங்கள் அழிந்து, கடைசியில் ஒரே ஒரு பெண்சிங்கம் மிஞ்சியது. பல ஆண்டுகள் தனியாகவே திரிந்தது. துணைக்கு இனமே இல்லாததால் முகாமின் மனிதர்கள் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். 2003இல் பூங்காக்களைப் பராமரிக்கும் ஆப்பிரிக்கன் பார்க்ஸ் அமைப்பு அரசோடும் லோசி அரச நிர்வாகத்தோடும் சேர்ந்து பொறுப்பேற்றது. பிறகு சாம்பியாவின் இன்னொரு பூங்காவான கஃபுவேயிலிருந்து சிங்கங்களைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெண்சிங்கம் குட்டி ஈனாமலே 2017இல் இயற்கையாக இறந்தது. ஆனால் கஃபுவேயிலிருந்து வந்த இன்னொரு பெண்சிங்கத்தின் வழியாக லியுவாவில் சிங்கக் கூட்டம் மறுபடி உருவானது. நவம்பர் மழையோடு ஆயிரக்கணக்கான வில்டபீஸ்ட்கள் (மாடு போன்ற பெரிய மான்கள்) அங்கே வந்து சேர்கின்றன, மாராவின் நெரிசல் இல்லாமல்.

ஆள் வந்தால்தான் காடு பிழைக்கும் என்பதை லுவாங்வாவிலும் பார்க்கலாம். 1950இல் நார்மன் கார் என்ற வனவிலங்கு அதிகாரி குண்டா மக்களின் தலைவர் ந்செஃபுவிடம் பேசி, பயணிகள் தரும் பணம் ஊருக்கே போகும்படி அங்கே ஒரு முகாம் தொடங்கினார். காட்டால் வருமானம் வந்தால்தான் ஊர் அதைக் காக்கும் என்று அவர் நம்பினார். அதனால் யாருமே போகாதீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. எத்தனை படுக்கை, எத்தனை வண்டி என்று வரம்பு வைத்த இடத்துக்குப் போங்கள். ஒரு மிருகத்தருகே எத்தனை வண்டி நிற்கவிடுவீர்கள் என்று பதிவு செய்யுமுன் கேளுங்கள். மழுப்பினால் வேறு முகாம் பாருங்கள்.

செலவை மறைக்க விரும்பவில்லை. உள்முகாம்களுக்குச் செலவு கூடுதலாகவே ஆகும். மஃபுவே கிராமப் பக்கம் லுவாங்வா ஆற்றின் இக்கரையில், பூங்காவுக்கு வெளியே தங்கினால் கையைக் கடிக்காது. நடைக்குப் பல முகாம்கள் 12 வயதுக்கு மேல்தான் சேர்க்கின்றன, உங்கள் மகனுக்குத் தடையிருக்காது. நம் ஏப்ரல் விடுமுறை அங்கே மழை முடிகிற நேரம், உள்முகாம்கள் திறந்திருக்காது. செப்டம்பர் இறுதியில் காலாண்டு விடுமுறை வருகிறதே, அதுதான் சரியான சமயம். புல் காய்ந்து, நீர் வற்றி, மிருகங்கள் ஆற்றோரம் வந்துவிடும். செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் கரையில் வளை தோண்டிக் கூட்டம் கூட்டமாகக் கூடுகட்டும். வெயில் மட்டும் கடுமையாக இருக்கும். மலேரியா மாத்திரை பற்றிக் கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.