ரேக் பில்டில் புதிதாக உருவாகும் கோப்பு முதல் தடவை விடுபட்டு, இரண்டாம் தடவை மட்டும் சேர்வது ஏன்?

ரேக் (ரூபி மொழியில் எழுதப்பட்ட பில்டு கருவி) ஓட்டும்போது, ஜெனரேட்டர் ஸ்கிரிப்ட் புதிதாக உருவாக்கும் கோப்பு முதல் தடவை விடுபடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசியில், "இரண்டாம் தடவை ஓட்டினால் சரியாகிவிடுகிறது, அதனால் அவசரமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். அவசரம்தான்.

உங்கள் ரேக்ஃபைலை, அதாவது ரேக் செய்ய வேண்டிய வேலைகளை எழுதி வைக்கும் கோப்பை, நான் பார்க்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: மேலே, எந்த டாஸ்க்குக்குள்ளும் (ரேக் ஓட்டும் ஒரு தனி வேலை) இல்லாமல், கோப்புப் பெயர்களைச் சேகரிக்கும் ஃபைல்லிஸ்டைத் தொடுகிற வரி ஒன்று இருக்கும். அநேகமாக ஒரு புட்ஸ், அதாவது எதையாவது அச்சிட்டுக் காட்டும் வரி. நீங்களே போட்டதாகவும் இருக்கலாம். என் கதையில் நான்தான் போட்டேன்.

முதலில் விஷயம். ஃபைல்லிஸ்டிடம் "ஜென் ஃபோல்டரில் உள்ள எல்லா சி கோப்புகளும்" என்று சொன்னால், அது உடனே போய்த் தேடுவதில்லை. அந்தப் பேட்டர்னை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும். யாராவது வந்து "எத்தனை?" என்றோ "ஒவ்வொன்றாகக் கொடு" என்றோ கேட்கும்போதுதான் டிஸ்கில் தேடிப் பெயர்களை எடுத்து வரும். இதைத்தான் சோம்பேறிப் பட்டியல் என்கிறார்கள். இதுவரை எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது அடுத்தது: ஒரு தடவை எடுத்து வந்துவிட்டால் அவ்வளவுதான். நீங்களாகப் புது பேட்டர்ன் எதையும் சேர்க்காத வரை அது மறுபடி டிஸ்க் பக்கம் போகாது.

ரேக் வேலை செய்வது இரண்டு கட்டமாக. முதலில் ரேக்ஃபைல் முழுவதையும் படித்து எந்த டாஸ்க் எதை நம்பியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். அப்புறம்தான் டாஸ்க்குகளை ஓட்டும். உங்கள் ஜெனரேட்டர் ஓடுவது இரண்டாம் கட்டத்தில். முதல் கட்டத்திலேயே யாராவது பட்டியலைத் தொட்டுவிட்டால், இன்னும் பிறக்காத கோப்பு அதில் எப்படி இருக்கும்?

கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. உட்கார்ந்தவர்களை எண்ணி இலை போட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவர் விடியற்காலை நாலு மணிக்கே காலி மண்டபத்தை எட்டிப் பார்த்து, பாயில் படுத்திருந்த சொந்தக்காரர்களை எண்ணி, சமையற்காரரிடம் "ஏழு பேர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சமையற்காரரும் ஏழோடு நிறுத்திக்கொண்டார். எண்ணினவர் தப்பாக எண்ணவில்லை, எண்ணின நேரம்தான் தப்பு.

இனி என் கதை. 2019 பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். தண்ணீர்க் குழாய் வால்வுகளைத் தூரத்திலிருந்து இயக்கும் சின்ன போர்டுகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. அதிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் ஒரு சி கோப்பை உருவாக்கி ஜென் ஃபோல்டரில் போடும். அன்று மதியம் "வால்வை மூடு" என்ற புதுக் கட்டளையைச் சேர்த்தோம். பில்டு பச்சை, பிழை எதுவும் இல்லை. ஓசூரில் சோதனைக்கு வைத்திருந்த 12 போர்டுகளுக்கு அனுப்பிவிட்டு, மடிவாளாவில் இரவு ஒன்பதரை மணிக்கு மதுரை பஸ் ஏறிவிட்டேன். பொங்கல் நேரத்து ஆம்னி பஸ் டிக்கெட் என்ன விலை என்று பெங்களூரில் இருக்கிற தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டவில்லை, போன் வந்தது. ஓசூரில் இருந்த எங்கள் களப் பொறியாளர், கிருஷ்ணகிரிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர்.

"தம்பி, திறக்கச் சொன்னா திறக்குது. பேட்டரி எவ்வளவுன்னு கேட்டா சொல்லுது. மூடச் சொன்னா மட்டும் கம்முனு இருக்கு. பன்னெண்டும் அப்படித்தான்."

திறக்கும், மூடாது. தண்ணீர் வால்வு! சோதனை மேசைதான், நிஜக் குழாய் இல்லை, நல்லவேளை. ஆனால் திங்கட்கிழமை வாடிக்கையாளர் பார்க்க வருகிறார். ஓசூரில் இறங்கிவிட்டேன். அவர் பைக்கில் வந்து கூட்டிப் போனார்.

அலுவலகத்தில் இன்னும் இருந்த தம்பி ஒருவனைப் பிடித்து, அதே கமிட்டை (கோடின் அதே பதிவை) மறுபடி பில்டு போட்டு அனுப்பச் சொன்னேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. வந்தது. ஏற்றினோம். வால்வு மூடியது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரே கமிட், ஒரே சர்வர், போர்டில் ஏற்றுகிற பைனரி மட்டும் இரண்டு விதம். அளவிலேயே வித்தியாசம். தம்பியிடம் கேட்டேன். அவன் ரொம்ப சாதாரணமாகச் சொன்னான்:

"புதுசா எக்ஸ்எம்எல் சேர்த்தா ரெண்டு தடவை ஓட்டணும்ணா. தெரியாதா உங்களுக்கு? எல்லாரும் அப்படித்தான் பண்றோம்."

மொத்த டீமும் இதை ஒரு சடங்காகவே வைத்திருந்தது. பல் தேய்ப்பது மாதிரி. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அன்று மதியம் ரிலீஸ் பில்டை நான் போட்டேன், எனக்கு மட்டும் அந்தச் சடங்கு தெரியாது.

ஒரு கோப்பு விடுபட்டால் லிங்கர் (துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் கருவி) கத்தியிருக்குமே என்று கேட்பீர்கள். கத்தாது. எங்கள் கட்டளைக் கோப்புகளை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஒவ்வொன்றும் தன்னைத் தானே, பைனரிக்குள் ஒதுக்கிய பகுதியான ஒரு தனி லிங்கர் செக்‌ஷனில் பதிந்துகொள்ளும். போர்டு இயங்கத் தொடங்கும்போது அந்த செக்‌ஷனில் யார் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் கட்டளைகள். வராதவரை யாரும் தேட மாட்டார்கள்.

நள்ளிரவுக்கு மேல் ஓர் அரசுப் பேருந்தில் சேலம் வரை நின்றுகொண்டே போனேன். அதை விடுங்கள். பொங்கலன்று வீட்டில் உட்கார்ந்து இரண்டு பில்டு லாக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் வரியிலேயே இருந்தது. ஒன்றில் "மொத்தக் கோப்புகள்: 214". இன்னொன்றில் 215. யார் இவ்வளவு உதவியாக எண்ணிக்கையைப் பதிந்து வைத்தது என்று பார்த்தால், நான். எட்டு மாதத்துக்கு முன்னால், மேலாளர் "லாக்ல எத்தனை ஃபைல்னு வந்தா நல்லாருக்கும்" என்றார் என்பதற்காக, ரேக்ஃபைலின் தலையிலேயே போட்ட புட்ஸ். அந்த வரியை எடுத்துவிட்டு ஒரு போலிக் கட்டளையைச் சேர்த்து ஒரே ஒரு தடவை ஓட்டினேன். சரியாக வந்தது. மறுபடி போட்டேன், விடுபட்டது. எண்ணிப் பார்த்ததுதான் குற்றம். துப்புக் கொடுத்ததும் அதே வரிதான், அதையும் சொல்ல வேண்டும்.

சர்வரில் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கட்டியிருந்தால், ஜென் ஃபோல்டர் காலியாக இருந்திருக்கும், முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும் என்று சொல்லப்போகிறவர்களுக்கு: உண்மைதான். அந்த சர்வரை அமைத்தது நான் இல்லை. "டாக்குமெண்ட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறதே" என்பவர்களுக்கு: போட்டிருக்கிறது, நானும் படித்தேன், அந்தப் பொங்கலன்று. "இந்தக் காலத்தில் யார் ரேக் வைத்து சி கட்டுகிறார்கள்" என்பவர்கள் தயவுசெய்து வேறு பதிலுக்குப் போகவும். மேக் என்கிற இன்னொரு பில்டு கருவி மட்டும் என்ன வாழ்கிறது? அங்கே ஒரு மாறிக்கு (வேரியபிள்) வெறும் சமக்குறி போட்டால் பிறகு விரியும், முக்காற்புள்ளியோடு போட்டால் அப்போதே விரியும் என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் சோம்பேறி மாறியே ஆனாலும், அதை ஒரு டார்கெட்டின் (கட்ட வேண்டிய கோப்பு) சார்பு வரியில் எழுதினால் மேக்ஃபைலைப் படிக்கும்போதே விரிந்துவிடும். அதே பள்ளம், வேறு தெரு. கிரேடில் என்கிற கருவி கொஞ்சம் பரவாயில்லை. அதன் கோப்புத் தொகுப்பு ஒவ்வொரு முறை கேட்கும்போதும் புதிதாகப் பார்க்கும். ஆனால் கான்ஃபிகரேஷன் கட்டத்திலேயே, டாஸ்க்குகள் ஓடுவதற்கு முன்பே, அதை எடுத்து ஒரு சாதாரண லிஸ்டில் ஊற்றி வைத்துக்கொண்டால் அங்கேயும் இதே கதைதான்.

கடைசி நேரத்தில் போடுகிற பட்டியல் என்றாலே எனக்கு இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். பொம்மனஹள்ளியில் நான் இருந்த வீட்டின் உரிமையாளர். பத்து மாத அட்வான்ஸ் வாங்கும்போது சேதப் பட்டியல் என்று எதுவும் கிடையாது, சிரித்த முகம், காபி. காலி செய்கிற அன்றுதான் பட்டியல் பிறக்கும். பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை, அது வழக்கம், சரி. கீசரில் துரு, அதுவும் சரி. நான் குடிவரும்போதே உடைந்திருந்த பால்கனிக் கதவுக்கு ஏன் நான் பணம் கொடுக்க வேண்டும்? இதைக் கன்னடம் தமிழ் சண்டையாக யாரும் ஆக்க வேண்டாம், அவர் தருமபுரிக்காரர். குடிபோகும் அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. புட்ஸை எடுத்தால் இன்றைக்குச் சரியாகும். நானும் அத்தோடு நிறுத்தினேன். ஒரே மாதத்தில் அதே தம்பி, நல்ல எண்ணத்தில், அந்தப் பட்டியலை லிங்க் டாஸ்க்கின் முன்தேவையாக எழுதினான். முன்தேவை வரியும் படிக்கும்போதே பெயர்களாக மாறிவிடும் என்பது அவனுக்குத் தெரியாது. பழைய குருடி கதவைத் திறடி. எதிர்ப்பக்கமும் ஒரு தொல்லை உண்டு: ஒரு கட்டளையை நீக்கினாலும் அதன் பழைய சி கோப்பு ஜென் ஃபோல்டரில் கிடக்கும், பேட்டர்ன் அதையும் அள்ளிக்கொண்டு வரும். நீக்கின கட்டளை போர்டில் உயிரோடு இருக்கும்.

அதனால் உருவாகப்போகும் கோப்புகளை டிஸ்கில் தேடவே தேடாதீர்கள். பந்தியை எண்ணாமல் பத்திரிகை வைத்தவர்களை எண்ணுங்கள். எக்ஸ்எம்எல் கோப்புகள் ரெப்போவில் (கோடு வைத்திருக்கும் இடம்) எப்போதும் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு ஃபைல்லிஸ்ட் போட்டு, பாத்மேப் வைத்து ஒவ்வொரு பெயரையும் ஜென் ஃபோல்டரில் உள்ள சி கோப்புப் பெயராக மாற்றுங்கள். பாத்மேப் கூப்பிட்டவுடனேயே பட்டியல் விரிந்துவிடும்தான், ஆனால் விரிவது எக்ஸ்எம்எல் பட்டியல், அதில் குறை எதுவும் இருக்காது. வரும் ஒவ்வொரு பெயருக்கும், அந்தக் கோப்பை உருவாக்கும் ஒரு ஃபைல் டாஸ்க். ஃபைல்லிஸ்ட் நட்சத்திரக்குறி இல்லாத நேரான பெயரை அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்காமலே வைத்துக்கொள்ளும், அதனால் இன்னும் பிறக்காத கோப்பும் பட்டியலில் தைரியமாக உட்காரும். அதற்கப்புறம் மேலே எத்தனை புட்ஸ் வேண்டுமானாலும் போடுங்கள்.

இன்றே ரிலீஸ், அவ்வளவு மாற்ற நேரமில்லை என்றால், ஜென் பட்டியலை மட்டும் தனியாகப் பிரித்து, ஜெனரேட்டருக்குப் பிறகு ஓடும் டாஸ்க்கின் உடலுக்குள்ளேயே புது ஃபைல்லிஸ்டாக உருவாக்குங்கள். அப்போது அதற்கு முன்னால் அதைத் தொட யாராலும் முடியாது.

இரண்டில் எதைச் செய்தும் விடுபட்டால் ரேக்ஃபைலின் முதல் முப்பது வரிகளையும் லிங்க் டாஸ்க்கின் முதல் வரியையும் கேள்வியில் சேர்த்துப் போடுங்கள், பார்க்கிறேன். பொங்கல் வாரத்தில் மட்டும் வேண்டாம்.