ஆர்என்ஏ குவானோசினை மட்டும் எப்படித் தேர்ந்து பிடிக்கிறது?

தம்பி, தன்னைத்தானே வெட்டி ஒட்டும் ஆர்என்ஏ, புரதத் துணையில்லாமல் குவானோசினை (குவானின் காரமும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறு) மட்டும் எப்படி அடையாளம் காண்கிறது என்று மார்த்தாண்டத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பாடப்புத்தகம் அதைத் தட்டையாக வரைவதுதான் குழப்பத்துக்கே காரணம்.

தாமஸ் செக் குழு 1982-ல் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரியில் காட்டிய இன்ட்ரான், அதாவது தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வெளியேறும் ஆர்என்ஏ துண்டு, வெறும் ஒற்றை இழைதான். ஆனால் மெக்னீசியம் அயனிகள் இழையிலுள்ள எதிர்மின் பாஸ்பேட்டுகள் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ள, இழை தன்மேலேயே மடங்கி உள்ளே ஒரு குழி உண்டாகிறது, அகஸ்தீஸ்வரம் பக்கம் பதநீர் குடிக்க ஓலையை மடக்கிப் பட்டை பிடிப்பார்களே, அந்த மாதிரி.

குழி இருப்பது பி7 என்ற சுருளில். அங்கே இழையின் 264-ஆவது இடத்துக் குவானினும் 311-ஆவது இடத்துச் சைட்டோசினும் ஏற்கெனவே ஜோடி. வருகிற குவானோசின் அந்த ஜோடியைப் பிரிப்பதில்லை, பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு தன் என்1, என்2 நைட்ரஜன்களில் உள்ள ஹைட்ரஜன்களால் 264-இன் ஓ6 (ஆக்சிஜன்), என்7 (நைட்ரஜன்) அணுக்களைப் பிடிக்கிறது. அடினினிடம் அந்த ஹைட்ரஜன்கள் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

சரி, ஆதாரம்? 1989-ல் மிஷெல் குழு அந்த ஜோடியை அடினின்-யுராசிலாக மாற்றியதும், இன்ட்ரான் குவானோசினை விட்டு, என்2 ஹைட்ரஜன் இருந்தும் என்1 ஹைட்ரஜன் இல்லாத 2-அமினோபியூரின் என்ற காரம் உள்ள நியூக்ளியோசைடை (காரமும் சர்க்கரையும் சேர்ந்தது) விரும்ப ஆரம்பித்தது!

அப்புறம், முதல் கட்டத்தில் வெட்டைத் தொடங்கிய வெளிக் குவானோசின், முனைகளை ஒட்டும் இரண்டாம் கட்டத்தில் விலக, இன்ட்ரானின் கடைசிக் குவானோசினே அதே குழியில் வந்து உட்காரும்.