கிராம ஊராட்சி மன்றக் கூட்டத்தில் உண்மையில் என்னதான் நடக்கும்?

"கிராம சபை பற்றி நிறைய வீடியோ வருகிறது. ஆனால் மாதா மாதம் நடக்கும் ஊராட்சி மன்றக் கூட்டத்தில் என்ன பேசுவார்கள்? வார்டு மெம்பருக்கு அங்கே என்ன வேலை?" என்பது கேள்வி.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சியில் ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தேன். 2020 ஜனவரி 6-ஆம் தேதி உறுதிமொழி எடுத்தோம். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்குக் குழாயடியில் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

நேராகச் சொன்னால், தண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை. நான் உட்கார்ந்த கூட்டங்களில் முக்கால்வாசி நேரம் இந்த மூன்றில்தான் போனது. மீதி நேரம் ஊராட்சிச் செயலர் வாசிப்பதைக் கேட்பதில் போனது.

கிராம சபையும் மன்றக் கூட்டமும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். கிராம சபை என்பது ஊர் வாக்காளர் எல்லாருக்கும் உரியது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருடத்துக்கு நாலு நாள் கூடியது. 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். மன்றக் கூட்டத்தில் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் மட்டும். எங்கள் ஊரில் தலைவர் ஒருவர், நாங்கள் ஒன்பது பேர். கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. யார் எந்தக் கட்சி என்று ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.

உண்மையான பரபரப்பு இருந்தது ஒரே ஒரு கூட்டத்தில்தான். 2020 ஜனவரி 11, துணைத் தலைவர் தேர்தல். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள். துணைத் தலைவரை எங்கள் ஒன்பது பேரிலிருந்து மன்றத்துக்குள்ளேயே தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தப் பதவிக்கு ஏன் இத்தனை அடிதடி என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. காசோலையில் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாத ஊரில் பல்பு வாங்கக்கூட வழி இருக்காது. எங்கள் ஊரில் ஒரு சித்திரை மாதம் அப்படிப் போயிருக்கிறது. கோயில் திருவிழாவில் யாருக்கு முதலில் பரிவட்டம் என்பதில் வந்த சண்டை, தூய்மைப் பணியாளர் சம்பளத்தில் போய் நின்றது.

சாதாரண மாதக் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். டேங்க் ஆபரேட்டர் வண்டியில் வந்து அஜெண்டாத் தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போவார். காலை 11 மணி என்று போட்டிருக்கும். பன்னிரண்டுக்கு நாலு பேர் இருப்போம். மூன்றில் ஒரு பங்குப் பேர் இருந்தால் கூட்டம் செல்லும், ஆகவே யாரும் கவலைப்படுவதில்லை. முதல் கூட்டத்துக்கு நான் போனபோது, "நீ எதுக்கு வெயில்ல வர்றத்தா, மாப்பிள்ளைய வரச் சொன்னா போதாதா?" என்று ஒருவர் பாசமாகத்தான் கேட்டார். என் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டமே வந்துவிட்டது. எங்கள் ஒன்பது பேரில் ஐந்து பெண்கள். முதல் வருடம் அந்த ஐந்து நாற்காலிகளில் மூன்றில் கணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

செயலர் வாசிக்க ஆரம்பிப்பார். "பொருள் ஒன்று: சென்ற கூட்ட நடவடிக்கைகளை உறுதி செய்தல். பொருள் இரண்டு: சென்ற மாத வரவு செலவினங்களை மன்றத்தின் பார்வைக்கு வைத்தல்." அப்புறம் மின்கட்டணம், பிளீச்சிங் பவுடர், மோட்டார் பழுது, விளக்கு வாங்கியது, குப்பை வண்டி டயர். ஒவ்வொன்றின் முடிவிலும் "மன்றம் ஏகமனதாக அங்கீகரிக்கிறது" என்று வரும். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் என் மகன் தோசை கேட்டால்கூட ஏகமனதாக அங்கீகரிக்கிறேன் என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

பணக் கணக்குதான் விளங்க ஆறு மாதம் ஆனது. கிராம ஊராட்சிக்கு ஒரே வங்கிக் கணக்கு இல்லை. கணக்கு எண் 1 பொது நிதி: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், அரசு மானியம் எல்லாம் அதில் வரும். கணக்கு எண் 2 மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்டுவதற்கு மட்டும். மூன்றாவது, திட்ட நிதிக்கு. "பேங்க்ல இவ்வளவு பணம் கெடக்கு, எங்க தெருவுக்கு ஒரு லைட்டு போட இல்லங்கிறீங்களா?" என்று நானே சத்தம் போட்டிருக்கிறேன். "அக்கா, அது ரெண்டாம் நம்பர் கணக்கு, கரண்டு பில்லுக்கு மட்டுந்தான்" என்று செயலர் சொன்னபோது, ஏமாற்றுகிறார் என்றே நினைத்தேன். அவர் சொன்னது சரிதான். பணம் இருக்கும், ஆனால் தொட முடியாது.

தொடக்கூடிய பணத்தில் பெரியது வீட்டு வரி. அந்த ரசீதை எடுத்துப் பாருங்கள், ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி என்று தனியாக இருக்கும். எங்கள் ஊரில் நூலகம் பூட்டிக் கிடந்த வருடங்களிலும் அந்தக் காசு கட்டியிருக்கிறோம். வரி கேட்டு யாரும் வீடு வீடாகப் போகவே மாட்டார்கள். அடுத்த தேர்தல் ஞாபகம் எல்லாருக்கும் இருக்கிறதே. புதுக் குழாய் இணைப்பு, கட்டட அனுமதி என்று யாராவது வந்து நின்றால்தான், "பாக்கியைக் கட்டிட்டு வாங்க" என்பார்கள். 2023-இல் இணையத்தில் கட்டும் வசதி வந்த பிறகு வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் கட்டிவிடுகிறார்கள். ஊரில் இருப்பவர்கள்தான் பாக்கி.

மன்றத்தின் வேலை நிஜத்தில் எங்கே நடக்கிறது என்றால், மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே. எங்களுக்கு 30 ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று, போர் என்கிற ஆழ்துளைக் கிணறு இரண்டு, கூடவே வாரத்தில் இரண்டு நாள் காவிரித் தண்ணீர். மாதம் இரண்டு தடவை தொட்டியைக் கழுவ வேண்டும், சுத்தம் செய்த தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்று பிளீச்சிங் பவுடர். எங்கள் தொட்டிக்கு ஒரு தடவைக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, வண்டல் அடியில் தங்கிய பிறகு தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். இதெல்லாம் எனக்கு ஆபரேட்டர் அண்ணன் சொல்லிக் கொடுத்தது. எந்தத் தெருவுக்கு எப்போது எவ்வளவு நேரம் வால்வைத் திறப்பது என்பது எந்தத் தீர்மானத்திலும் இல்லை. அவர் தலையில்தான் இருந்தது. அவர் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தபோது ஊரே கவிழ்ந்துவிட்டது. மேட்டுத் தெருவுக்கு முதலில் திறந்துவிட்டு, தண்ணீர் ஏறிய பிறகுதான் பள்ளத் தெரு வால்வில் கை வைக்க வேண்டும். அவருக்குப் பதிலாக வந்த பையன் தலைகீழாகச் செய்தான்.

ஒரு மே மாதம் பெரிய போரின் சப்மெர்சிபிள் மோட்டாரில் காயில் என்கிற கம்பிச்சுருள் எரிந்துபோனது. சட்டப்படி என்ன செய்ய வேண்டும்? கூட்டம் போட்டு, விலைப்புள்ளி வாங்கி, தீர்மானம் போட்டு, அப்புறம் மோட்டாரை எடுக்க வேண்டும். குடத்தோடு நிற்கும் பெண்களிடம் இதைச் சொல்ல முடியுமா? அன்று மத்தியானமே ஆள் வைத்து மோட்டாரை வெளியே எடுத்து, காயில் கட்டும் பட்டறைக்கு அனுப்பி, மறுநாள் இரவு திரும்ப இறக்கினோம். தலைவர் கைக்காசு போட்டார். தீர்மானம் இருபது நாள் கழித்து வந்தது. "குடிநீர்ப் பற்றாக்குறையைக் கருத்தில் கொண்டு அவசரமாக மேற்கொள்ளப்பட்ட பணிக்கான செலவினத்தை மன்றம் அங்கீகரிக்கிறது." மன்றத் தீர்மானங்களில் பெரும்பாலானவை இப்படி நடந்து முடிந்ததற்கு ஒப்புதல் கொடுப்பவைதான். இதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதே வழியில் வாங்காத பல்புக்கும் ஒப்புதல் வாங்கிவிடலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு தடவை மூன்று கடைகளின் விலைப்புள்ளிகள் வந்தன. மூன்றிலும் ஒரே கையெழுத்து, "மின்விளக்கு" என்பதில் ஒரே எழுத்துப் பிழை. கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து கம்ப்யூட்டரில் அடித்து வந்தது.

இதனால்தான், வார்டு மெம்பருக்கு என்ன வேலை என்று கேட்டால், தீர்மானப் புத்தகத்தைப் படிப்பது என்று சொல்வேன். எங்கள் ஊரில் கூட்டம் முடிந்ததும் புத்தகத்தை நீட்டுவார்கள், கையெழுத்துப் போடுவோம். ஒருநாள் பார்த்தால், கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்து வரிசைக்கும் நடுவில் அரைப் பக்கம் வெற்றிடம். "அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டதுக்கா" என்றார் செயலர். பேனாவை வாங்கி அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஆறு மாதம் எனக்கு டீ ஆறித்தான் வந்தது. நாலு வருடம் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தக் கோட்டை இழுத்தேன். என் பதவிக்காலத்தில் செய்த உருப்படியான வேலை எது என்றால் அதைத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் அந்தப் புத்தகத்தால் கற்றுக்கொண்டேன். எங்கள் தெருவில் சாக்கடை கிடையாது, கழிவுநீர் பாதையில்தான் ஓடும். ஏழெட்டுக் கூட்டத்தில் பேசினேன். "பாத்துக்கலாம்மா" என்பார் தலைவர். பழைய பக்கங்களைப் புரட்டியபோது நான் பேசிய ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. பேசினால் பதிவாகாது, அஜெண்டாவில் பொருளாக வந்தால்தான் பதிவாகும். அடுத்த மாதம் கையால் எழுதி, தெருவில் இருபது பேரிடம் கையெழுத்து வாங்கி, முன்கூட்டியே செயலரிடம் கொடுத்து, பொருளில் சேர்க்கச் சொன்னேன். தீர்மானம் ஆனது. அதன் நகல் ஒன்றிய அலுவலகம் போனது, ஓவர்சியர் டேப்போடு வந்து அளந்தார். அதிர்ஷ்டமும் இருந்தது. மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தை அப்போது குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க வேண்டியிருந்தது. மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் பேவர் பிளாக் சாலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த 60 சதவீதத்தைச் சாலைக்குத் தொட முடியாது, சாக்கடைக்குத் தொடலாம். 2022 கடைசியில் வேலை முடிந்தது.

பட்டா, சாதிச் சான்று, ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் மன்றத்தின் கையில் இல்லை. கிராமத்தில் பிறப்பு இறப்பைப் பதிவது கிராம நிர்வாக அலுவலர். மற்றதெல்லாம் தாலுகா ஆபீஸ் வழி. இருந்தாலும் மெம்பர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஊராட்சியில் என்ன பேசினேனோ, அதைவிட அதிகமாகத் தாலுகா ஆபீஸில் வரிசையில் நின்றிருக்கிறேன்.

கிராம சபையைப் பற்றி ஒன்றே ஒன்று. மைக் பிடித்தவர் எல்லாரும் உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை என்று ஆரம்பிப்பார்கள். முதலாம் பராந்தகன் காலத்து அதே கல்வெட்டில், வாரியம் என்கிற ஊர்க் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவுக்காரரும் குடவோலைக்கு நிற்கக்கூடாது என்றும் இருக்கிறது. அந்தப் பகுதியை யாரும் மைக்கில் சொல்லிக் கேட்டதில்லை. நீங்கள் கிராம சபைக்குப் போனால் பேச்சைக் கேட்காதீர்கள்; வரவு செலவுக்கான படிவம் 30-ஐக் காட்டச் சொல்லுங்கள். அதில் பிளீச்சிங் பவுடர் எத்தனை மூட்டை என்று பார்த்துவிட்டு, டேங்க் ஆபரேட்டரிடம் எத்தனை வந்தது என்று தனியாகக் கேளுங்கள்.

பதவி முடிந்த பிறகு மன்றம் இல்லை, தனி அலுவலர்தான். பல ஊராட்சிகளுக்கு ஒரே அதிகாரி. எங்கள் தெரு அப்பத்தா ஒருவருக்கு இதெல்லாம் தெரியாது. போன மாதம்கூட வாசலில் வந்து நின்று, "ஏத்தா, மெம்பரு, போஸ்ட்டுல லைட்டு எரிஞ்சு பத்து நாளாச்சு, நீ என்ன பண்ணிக்கிட்டிருக்க?" என்றார். நான் இப்போது மெம்பர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அது கெடக்கட்டும், லைட்டு எப்ப எரியும்?" என்றார். செயலருக்கு போன் போட்டேன்.

"மனுவா எழுதிக் குடுங்கக்கா" என்றார். உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தேன்.