லேப்டாப்புக்கு ஊர் தெரியாது, ஐபி எண்தான் தெரியும்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தலைமை அலுவலகம், ஏற்காட்டில் தோட்ட அலுவலகம். லேப்டாப்போடு மேலும் கீழும் போய்வருகிறவர்கள் பிரின்ட் கொடுத்தால் தாள் வேறு ஊரில் வந்து விழுகிறது. போன மாதம் சம்பளப் பட்டியல் மலை அலுவலகத்தில் அச்சாகி, எல்லோரும் படித்துவிட்டார்கள். அந்தந்த இடத்து பிரின்டர் மட்டும் வரும்படி செய்ய முடியுமா? விண்டோஸ் சர்வரும், எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனும் இருக்கின்றன. இரண்டு ஊரும் ஒரே நெட்வொர்க். எல்லாக் கணினிகளும் 192.168.1 வரிசையில்தான்.

பதில்: வியாதி உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை லேப்டாப் அங்கே கிடைக்கும் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். இரண்டு ஊரிலும் ஒரே வரிசை என்றால், 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனாலும் அது செவ்வாய்ப்பேட்டையிலேயே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

அதனால் பிரின்டரைத் தொடுவதற்கு முன் நெட்வொர்க்கைப் பிரியுங்கள். சேலத்துக்கு 192.168.10, ஏற்காட்டுக்கு 192.168.20 என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் உள்ள இணைப்பை பிரிட்ஜ் முறையிலிருந்து (இரண்டு ஊரும் ஒரே நெட்வொர்க்காக இணைவது) ரவுட்டிங் முறைக்கு (இரண்டு தனி நெட்வொர்க்குகளுக்கு இடையே வழிவிடுவது) மாற்ற வேண்டும். அலுவலகம் நடக்கும் நாளில் இதில் கை வைக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். பிரின்டர்களுக்கு டிஹெச்சிபி ரிசர்வேஷன் (எப்போதும் அதே ஐபி எண் கிடைக்கும் ஏற்பாடு) போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கரன்ட் போய் வந்ததும் பிரின்டர் வேறு எண்ணோடு எழுந்து நிற்கும்.

அடுத்தது குரூப் பாலிசி, அதாவது சர்வரிலிருந்தே எல்லாக் கணினிகளுக்கும் அமைப்புகளை அனுப்பும் வசதி. அதில் பிரிஃபரன்சஸ் பகுதியில் ஒவ்வொரு பிரின்டரையும் சேர்த்து, 'ஐட்டம் லெவல் டார்கெட்டிங்' என்பதில் அந்த ஊரின் ஐபி வரம்பைக் கொடுங்கள். பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: 'இனி பொருந்தாதபோது நீக்கு' என்ற பெட்டியை டிக் செய்யவேண்டும். செய்யாவிட்டால் ஏற்காட்டில் ஏற்காட்டு பிரின்டர் வரும், சேலத்து பிரின்டரும் போகாது. இந்தப் பாலிசி லாகின் செய்யும்போதும், பிறகு சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறையும் ஓடும். லேப்டாப்பை மூடி, காரில் போட்டு, மேலே போய்த் திறப்பவருக்குப் பழைய பட்டியல்தான் தெரியும். ஒருமுறை லாக் ஆஃப் செய்து வரச் சொல்லுங்கள். வைஃபை எழுவதற்குள் லாகின் முடிந்துவிடுகிறது என்றால், நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கச் சொல்லும் பாலிசியையும் போடுங்கள்.

'விண்டோஸே இயல்பு பிரின்டரைப் பார்த்துக்கொள்ளட்டும்' என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். அது கடைசியாக நீங்கள் பயன்படுத்திய பிரின்டரையே பிடித்துக்கொள்ளும். உங்கள் சம்பளப் பட்டியல் மலையேறியதற்கு இதுவே காரணமாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பிரின்டர் பெயரில் ஊரும் இருக்கட்டும்: 'ஏற்காடு கணக்கு', 'சேலம் மாடி' என்று. மாடல் எண்ணைப் பெயராக வைத்தால் யாருக்கு என்ன புரியும்?

இதுவரை சொன்னது பிரின்டரைக் கண்ணில் படாமல் செய்யும், அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர் ஐபி எண்ணை அடித்து நேராகச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டு இடத்தில் பூட்டு வேண்டும். சர்வரில் பிரின்டரின் செக்யூரிட்டி பகுதியில் 'எவ்ரிஒன்' என்பதை எடுத்துவிட்டு, உரிய குழுவை மட்டும் சேருங்கள். இரண்டு ஊருக்கும் இடையே ஃபயர்வாலில் 9100 போர்ட்டை (பிரின்டருக்கு நேராகத் தகவல் போகும் வழி) அடைத்து, பிரின்ட் வேலைகளை வாங்கி அனுப்பும் பிரின்ட் சர்வருக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

அந்த பிரின்ட் சர்வர் சேலத்தில் இருந்தால், ஏற்காட்டில் கொடுக்கும் ஒவ்வொரு பிரின்ட்டும் சேலத்துக்கு இறங்கி மறுபடி மலையேறும். விண்டோஸ் சர்வர் 2012 முதல் 'பிராஞ்ச் ஆஃபீஸ் டைரக்ட் பிரின்டிங்' என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கினால் லேப்டாப் பக்கத்து பிரின்டருக்கே நேராக அனுப்பும்.

சம்பளப் பட்டியலை மட்டும் இதையெல்லாம் நம்பி விடாதீர்கள். உங்கள் பிரின்டரில் பின் எண் அடித்தால்தான் தாள் வரும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலக மாடல்கள் பலவற்றில் உண்டு.

ஆகஸ்ட் 2021 பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, நிர்வாகி உரிமை இல்லாதவர் லேப்டாப்பில் பிரின்டர் டிரைவர் (பிரின்டரை இயக்கும் மென்பொருள்) தானாக ஏறாது. இரண்டு ஊர் டிரைவர்களையும் முன்பே ஏற்றி வையுங்கள். அதே கையோடு, ஊழியர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்ட பழைய பிரின்டர்களையும் நீக்கிவிடுங்கள். புதிய பாலிசி அவற்றைத் தொடாது.