வைத்தியர் பதில்கள்: கடுமையான முகப்பருவுக்கு என்ன சிகிச்சை?

கேள்வி: என் மகளுக்கு வயது 19, நிறை 50 கிலோ. இரண்டு வருடங்களாக முகத்திலும் முதுகிலும் பெரிய, நோகும் பருக்கள் வருகின்றன. சில உடைந்து குழி விழுந்துவிட்டன. தேசிக்காய்ச் சாறும் மஞ்சளும் பூசியும் பயனில்லை. கடையில் வாங்கிய வெள்ளையாக்கும் கிறீமுக்குக் குறைந்தது. நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகிவிட்டது. கிளினிக்கில் ஐசோட்ரெட்டினோயின் என்ற குளிசையைப் பற்றிச் சொன்னார்கள். அதை எடுத்தால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்று அயலவர்கள் சொல்வதால் பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், புதுக்குடியிருப்பு)

பதில்: அம்மா, அந்தக் குளிசை மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அயலவர்களின் பேச்சு எங்கிருந்து பிறந்தது என்பதை விளக்க வேண்டும். இம்மருந்தை எடுக்கும் காலத்தில் கரு உண்டானால் கருச்சிதைவு நேரலாம். பிறக்கும் குழந்தையின் மூளையும் இதயமும் முகமும் காதுகளும் பாரதூரமான குறைகளோடு உருவாகலாம். எனவே, தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, கடைசிக் குளிசைக்குப் பின் ஒரு மாதம் முடியும்வரை கருத்தரிக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அந்த மாதம் கடந்தபின் உண்டாகும் கருவுக்கு இதனால் ஆபத்தில்லை. மணமாகாத பெண்ணுக்கும் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அது எல்லாப் பெண்களுக்கும் உரிய நடைமுறை என்பதால் மனம் நோக வேண்டாம். கலியாணப் பேச்சு நடக்கிறதென்றால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லி, மருந்து முடிந்து ஒரு மாதத்துக்குப் பின்னர் நாள் வையுங்கள்.

நோகும் கட்டிகளாக வந்து குழி விழுத்தும் பருவுக்கு இதைவிட வலுவான மருந்து இன்றில்லை. விற்றமின் ஏயிலிருந்து உருவான இது 1982 முதல் பாவனையில் உள்ளது. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கி, மயிர்த்துளைகள் அடைபடாமல் தடுப்பதால், பலருக்கு மருந்தை நிறுத்திய பின்னும் பரு திரும்புவதில்லை. வழமையாக நிறையில் கிலோவுக்கு மொத்தம் 120 முதல் 150 மில்லிகிராம் வரை கொடுக்கப்படும். உங்கள் மகள் நாளுக்கு 40 மில்லிகிராம் எடுத்தால், 50 கிலோவுக்குரிய குறைந்த மொத்த அளவான 6000 மில்லிகிராமை எட்ட 5 மாதங்கள் ஆகும். வெறும் வயிற்றில் எடுத்தால் உடலில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். உதடு வறண்டு வெடிப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், வசிலின் பூசினால் சமாளிக்கலாம். கொழுப்பும் ஈரலும் எப்படியிருக்கின்றன என்று இரத்தம் சோதிப்பார்கள். மனச்சோர்வு, தாங்க முடியாத தலையிடி, பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் மருந்தை நிறுத்தி உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். மருந்து எடுக்கும் காலத்திலும் அதன்பின் ஒரு மாதத்துக்கும் இரத்ததானம் செய்யக் கூடாது. விற்றமின் ஏ குளிசைகளும் வேண்டாம்.

உண்மையில் என்னைக் கவலைப்படுத்துவது அந்தக் கிறீம்தான். உள்ளடக்கம் எதுவென்று அச்சிடாமல் விற்கப்படும் வெள்ளையாக்கும் கிறீம்கள் பலவற்றில் வலுவான ஸ்டீரொயிட் கலந்திருக்கும்; சிலவற்றில் பாதரசமும் இருக்கும். ஸ்டீரொயிட் முதலில் வீக்கத்தை அடக்கிக் காட்டும். பின்னர் தோலை மெலியச் செய்து தானே பருவை உண்டாக்கும். பூசியபோது குறைந்து, நிறுத்தியதும் பொங்கியது என்று நீங்கள் எழுதியது அதன் அடையாளமே. அந்தக் கிறீம் பெட்டியைக் கையோடு கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தேசிக்காய்ச் சாற்றையும் விட்டுவிடுங்கள், அது வெயிலில் தோலைப் பொசுக்கும்.

மாதவிடாய் ஒழுங்கில்லாமலோ, நாடியிலும் மேலுதட்டிலும் மயிர் தடிப்பாகவோ இருந்தால் சூலகக் கட்டிகளுக்கான ஹோர்மோன் பரிசோதனையும் தேவை. குழிகளுக்கான சிகிச்சையைப் பரு அடங்கிய பின் யோசிக்கலாம்.

கேள்வி: எனக்கு 22 வயது, வயல் வேலை செய்கிறேன். பருவுக்கு டொக்சிசைக்ளின் என்ற அன்ரிபயோட்டிக் குளிசை தந்தார்கள். வெயிலில் முகம் எரிந்தது. இரண்டு கிழமையில் பலனும் தெரியாததால் விட்டுவிட்டேன். திரும்ப எடுக்கலாமா?
(ஒரு வாசகர், மாங்குளம்)

பதில்: இரண்டு கிழமை போதாது, தம்பி; பலன் தெரிய 6 முதல் 8 கிழமை ஆகும். ஆயினும் இம்மருந்து தோலை வெயிலுக்குக் கூச வைப்பதால், வன்னி வெயிலில் நாள் முழுதும் நிற்கும் உங்களுக்கு அது தோதானதா என்பதை வைத்தியரோடு பேசியே முடிவு செய்ய வேண்டும். மீண்டும் தந்தால் அகலமான தொப்பியும் சன்ஸ்கிறீனும் கட்டாயம். ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள், இல்லையேல் உணவுக் குழாய் புண்ணாகும். பாலோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் சேர்த்து எடுக்காதீர்கள். 3 மாதத்துக்கு மேல் நீடிப்பதும் நல்லதல்ல. நுண்ணுயிர்கள் மருந்துக்குப் பழகிவிடாதிருக்க, கூடவே பென்சோயில் பெரொக்சைட் பூச்சும் தருவார்கள். அது துணியின் நிறத்தை வெளுப்பாக்கும் என்பதால் முகம் துடைக்க வெள்ளைத் துவாயைப் பாவியுங்கள்.